காய்ச்சல் வாசல்

அத்தியாயம் 9

அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், தாயிகளே. இன்றைக்கு மணிமேகலை தன் கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பாதியில் எழுந்து போனால் அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

போன வாரம் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்ததே, ராஜப்பன், அது உங்களுக்கு நினைவிருக்கும். பூக்கடைக் காத்தூன்தான் துப்புக் கொடுத்தாள். மத்திகிரி கூட்ரோட்டில் பங்க்சர் கடை போட்டிருக்கும் இந்தத் தொரப்பள்ளிக்காரன் ராஜப்பன், கொரோனாவின் இரண்டாவது அலையில் ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் காவலுக்கு நின்றவன். நீலக்கண்ணாடி ஆஸ்பத்திரி என்றால்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே அப்போது கயிறு கட்டி இரண்டு வழி பிரித்திருந்தார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, மற்ற நோய்களுக்கு ஒன்று.

மணிமேகலையின் புருஷன் நாராயணப்பன் மாரைப் பிடித்துக்கொண்டு காரின் பின்சீட்டில் துடித்தபோது, முகக்கவசமும் கையுறையுமாய் நின்ற ஓர் ஆள் கையை நீட்டிக் காய்ச்சல் வாசலைக் காட்டினான். அங்கே ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலிகள். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்கும் முறை வருவதற்குள், நாராயணப்பன் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

கொரோனா இல்லை என்று செல்போனுக்குச் சேதி வந்தபோது, மாநகராட்சி ஆட்கள் அவனைப் பையில் சுற்றி எரித்து முடித்திருந்தார்கள். குளிப்பாட்டவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. கடைசியாக ஒரு தடவை அவள் புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நீட்டிய அந்தக் கையை மட்டும் பார்த்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. பாகலூரில் அவர்கள் ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரையின் கீழ், மணிமேகலையும் அவள் ஓரகத்தி பூவம்மாளும் வெட்டிய பூவைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணிமேகலை தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்க்கா, அந்தாளு சத்தியம் பண்ண மெய்யாலுமே கோயிலுக்கு வருவானா?”

“வருவான். காத்தூன்கிட்ட சொல்லி அனுப்பிட்டான். வரலைன்னா குத்தம் அவன்மேலதான்னு ஊரே பேசுமே.”

“வந்து, நான் ஒண்ணும் பண்ணலன்னு சூடத்தை அடிச்சு அணைச்சுட்டுப் போயிட்டான்னா?”

மணிமேகலை சிரித்தாள். “அதுதான்டி எனக்கு வேணும்.”

பூவம்மாள் கட்டிக்கொண்டிருந்த கட்டை மடியில் வைத்தாள்.

“யோசிச்சுப் பாரு. ஒத்துக்கினான்னா என்னா ஆவும்? தெரியாம பண்ணிட்டேன் தாயின்னு கால்ல வுழுவான். சுத்தி நிக்கறவங்க ‘பாவம், வுட்டுடு’ம்பாங்க. நான் மன்னிக்கணும். எனக்கு அந்த வேலையே வேணாம். அவன் பொய் சொல்லணும். நெஞ்சுவலின்னு யாருமே சொல்லலைன்னு வாய் கூசாம சொல்லி, சூடத்துல அடிக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணவனை எல்லை முனியப்பன் வருசம் திரும்ப வுட்டதில்ல.”

“யம்மாடி! நீ மொளகா அரைச்சாதான் எனக்குக் கண்ணு எரியும். இன்னிக்கி நீ பேசினாலே எரியுது.”

“எரியட்டும். எனக்கு மூணு வருசமா எரியுது.”

துக்கத்தில் எல்லாரும் பங்குக்கு வந்தார்கள், தாயிகளே. மாமியார் வந்தாள், நாத்தனார் வந்தாள், சீட்டுக் கட்டினவள்கூட வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். கோபம் மட்டும் மணிமேகலை ஒருத்திக்கே சொந்தமாக இருந்தது. காலையில் அவளை எழுப்பிப் பல் துலக்க வைத்ததும், கத்திரியைக் கையில் கொடுத்துப் பூ வெட்ட அனுப்பியதும் அந்தக் கோபம்தான்.

திம்மப்பன் வந்து நின்றான். நாராயணப்பனின் தம்பி, பூவம்மாளின் புருஷன். அன்றைக்குக் கார் ஓட்டியவன் அவன்தான். அந்த வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு அவள் எப்போதும் ‘அத்திகே’தான்.

“அத்திகே, மழ கட்டினு நிக்குது. அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?”

“மழ வந்தா முனியப்பனுக்கு ஜலதோசம் புடிச்சுக்குமா?”

“அதுக்கில்ல. மார்க்கெட்டுக்கு லோடு வேற…”

“லோடை டிரைவர் அஜாஸ் ஏத்தினு போவான். நீ வண்டிய எடு.”

அவன் இன்னும் நின்றான். “வுட்டுடலாமே அத்திகே. அண்ணன் திரும்பியா வரப்போறாரு?”

“வரமாட்டாரு. அதனாலதான் நான் போறேன்.”

இளகின மனசுக்காரன் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்து வந்தாள். அண்ணன் போனபின் தோட்டத்தைத் தலையில் சுமந்தவன் அவன். ராத்திரியில் அவள் விம்முவது கேட்டால் வாசலில் வந்து உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் அந்த நாளைத் திரும்பச் சொல்லுவான். “நெஞ்சு, நெஞ்சுன்னு கத்துனேன் அத்திகே. அந்தப் பாவி காதுல வாங்கல.” இந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

வண்டி கிளம்பியது. ரிங் ரோட்டில் லாரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தன. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான். டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் டீக்கடையில் நிறுத்தினான்.

“சாமி வேலையாப் போறப்ப டீயா?”

“வாய் ஒலந்து போச்சு அத்திகே.”

பாதி குடித்தவன் டம்ளரைச் சாய்த்துவிட்டான். டீ பேன்ட்டில் சிந்தியது. அண்ணனைக் கொன்றவனை நேரில் பார்க்கப் போகிறான், ரத்தம் கொதிக்காதா என்று அவளுக்குப் பட்டது. அந்தக் கொதிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

எல்லை முனியப்பன் கோயில், கர்நாடக எல்லையை ஒட்டித் தைலமரத் தோப்புக்குள் இருக்கிறது. பின்னால் ஏதோ கம்பெனியின் நீளச் சுவர். முனியப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கண் தமிழ்நாட்டைப் பார்க்கும், இன்னொரு கண் கர்நாடகத்தைப் பார்க்கும் என்பார்கள். பூசாரி கங்கப்பன் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் குறி சொல்லுவார், மூன்று பாஷையிலும் திட்டுவார்.

ராஜப்பன் முன்னாலேயே வந்திருந்தான். குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

மணிமேகலை திகைத்துப் போனாள். மூன்று வருஷமாக அவள் மனசில் கதவு மாதிரி ஓர் ஆள் நின்றிருந்தான். இவன் கொடிக்கம்பி மாதிரி இருந்தான். கழுத்து எலும்பில் தண்ணீர் தேங்கியிருந்தது. கையைப் பார்த்தாள். டயர்க் கறுப்பு குளித்தும் போகாத விரல்கள்.

அந்தக் கை.

“யாரு பிராது?” என்றார் கங்கப்பன்.

“நான்தாங்க.”

“யாரு மேல?”

“இதோ குந்தினு இருக்கானே, இவன்மேல.”

“இவன் அவன்னு சொன்னா சாமிக்கு எப்படித் தெரியும்? நெத்தியிலயா எழுதியிருக்குது?”

“தொரப்பள்ளி ராஜப்பன்மேல.”

“சரி. கேக்கறதைக் கேளு. எந்தப் பாஷைல வேணா கேளு. பொய் எந்தப் பாஷைல சொன்னாலும் இவருக்குப் புரியும்.”

அவள் ராஜப்பனுக்கு முன்னால் போய் நின்றாள். “என்னைத் தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“எப்படித் தெரியும்? அன்னிக்கி எத்தினி வண்டி வந்திருக்கும்!”

“அவரு போயிட்டாருன்னு சொன்னதும் நீங்க மண்ணை வாரித் தூத்துனீங்க. என் மூஞ்சி பிளாஸ்டிக் கவசத்துல வந்து சடசடன்னு அடிச்சுது. அந்தச் சத்தம் மறக்குமா?”

“மறக்கக் கூடாதுன்னுதான் தூத்துனேன். இப்ப சொல்லு. என் புருசனைக் காய்ச்சல் கேட்டுக்கு அனுப்பினியா இல்லியா?”

“அனுப்பினேன்.”

“நெஞ்சுவலின்னு கத்தியும் அனுப்பினே.”

ராஜப்பன் தலையை நிமிர்த்தினான். “இல்லம்மா. நெஞ்சுவலின்னு யாரும் சொல்லல.”

அவள் உடம்பு சிலிர்த்தது. கேட்க வந்த பொய்யை, எழுத்துப் பிசகாமல் அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். இனி சாமி பார்த்துக்கொள்ளும். சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

“ஏத்துங்க பூசாரி! சூடத்தை ஏத்துங்க! அதையே சொல்லி அடிக்கட்டும்!”

கங்கப்பன் கல்லின்மேல் சூடத்தைக் கொளுத்தினார். ராஜப்பன் எழுந்து வந்தான். கையை உயர்த்தினான்.

“எல்லை முனியப்பா. அன்னிக்கி எங்களுக்குப் போட்ட ஆர்டரு இதுதான். காய்ச்சல், இருமல், மூச்சு எளைப்பு, இதுல எதைச் சொன்னாலும் காய்ச்சல் கேட்டு. மத்தவங்க அந்தாண்ட கேட்டு. கார் ஓட்டினு வந்தவரு எறங்கி வந்து, கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு, தம்மு ஜாஸ்தியாயிடுச்சுன்னாரு. நான் கையைக் காட்டினேன். நெஞ்சுன்ற வார்த்தை என் காதுல விழல. விழுந்திருந்தா என் கை அழுகட்டும்.”

பளீரென்று அடித்தான். சூடம் அணைந்தது. தயக்கம் என்பது அந்த அடியில் இல்லவே இல்லை.

மணிமேகலை அணைந்த சூடத்தைப் பார்க்கவில்லை.

“என்னா சொன்னே? எந்த வார்த்தை?”

“தம்முங்க. எனக்கே மொதல்ல புரியல. பீடி புடிக்கறதைச் சொல்றாரோன்னு நெனச்சேன். அப்பறம் மார்ல கையை வெச்சு மேலயும் கீழயும் இழுத்துக் காட்டுனாரு. ஓகோ, மூச்சு எளைப்பான்னு…”

இதைக் கவனியுங்கள், தாயிகளே. பீடி சிகரெட்டை ஓர் இழுப்பு இழுத்தால் அது தமிழில் தம்மு. ஆனால் மணிமேகலை வாழ்க்கைப்பட்ட வீட்டில், இழுப்பு நோய்க்கு தம்மு என்றுதான் பெயர். மாமனார் ஆயுசு பூராவும் தம்மில் இழுத்துக்கொண்டு கிடந்தவர். தொரப்பள்ளிக்காரன் ஒருவன் அந்தச் சொல்லைத் தானாக இட்டுக்கட்ட முடியாது. அது அவள் வீட்டுச் சொல். அவள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது.

மெதுவாகத் திரும்பினாள்.

திம்மப்பன் ஒரு தைலமரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தான்.

“திம்மப்பா.”

அவன் நிமிரவில்லை.

“நெஞ்சு நெஞ்சுன்னு கத்தினேன்னியே.”

“இல்ல அத்திகே.”

“தம்முன்னா சொன்னே?”

“ஆமா.”

“ஏன்டா? உங்கண்ணன் மாரைப் புடிச்சுனு கிடந்தாரு. உன் கண்ணு அவிஞ்சா போச்சு?”

அவன் பேசத் தொடங்கினான். மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“மொதல்ல அந்தப் பக்கம் போனோமே அத்திகே, எல்லைக்கு அந்தாண்ட இருக்கற ஆஸ்பத்திரிக்கு. நீங்க கார்லயே இருந்தீங்க. நான் உள்ள ஓடினேன். எதெ நோவு, எதெ நோவுன்னு சொன்னேன். நெஞ்சுவலியா, இங்க எடுக்கறதில்ல, அந்த வார்டையே கொரோனாவுக்குக் குடுத்தாச்சு, டாக்டருங்களே பாதிப் பேரு படுத்துனு கெடக்கறாங்க, மூச்சுத் திணறல்னா மட்டும் கொண்டான்னு வெரட்டி அடிச்சாங்க. காரைத் திருப்பறப்பவே எனக்கு மனசுல ஓடினு இருந்துச்சு. இங்கயும் நெஞ்சுன்னா வெரட்டுவாங்க. தம்முன்னா சேத்துக்குவாங்க. உள்ள போயிட்டா போதும், அப்பறம் டாக்டர்கிட்ட நெஞ்சுன்னு சொல்லிக்கலாம்னு…”

“சொன்னியா?”

“டாக்டரு எங்க வந்தாரு? நாற்காலியக் காட்டி உக்கார வெச்சாங்க. நான் போயி போயிக் கேட்டேன். வரிசைல இருன்னாங்க.”

தோப்பில் காற்று நின்றுபோனது. கம்பெனிச் சுவருக்குள் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது.

ராஜப்பன் வேட்டி நுனியைப் பிழிந்தபடி திம்மப்பனிடம், “அண்ணா” என்றான். “இதைச் சொல்லாம போயிடலாம்னுதான் பாக்கறேன். சத்தியம் பண்ண வாய், பாதியில நிறுத்த முடியல. அன்னிக்கி அந்தாண்ட கேட்டுல ஒரு வண்டிகூட இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா நோய் ஒட்டிக்கும்னு பயந்துனு, நெஞ்சுவலிக்காரங்க யாருமே வரல. ஹார்ட்டு டாக்டரு வேலையில்லாம வெளிய வந்து புங்கமரத்தடியில நின்னு போன் பேசினு இருந்தாரு.”

திம்மப்பன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகைகூட இல்லை.

மணிமேகலை அவன் முன்னால் போய்க் குந்தினாள். அடிப்பாள் என்று கங்கப்பன் நினைத்தார். தன் கைக்குச்சியைக்கூட அவளுக்கு எட்டாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார். அவள் அடிக்கவில்லை.

“அது பதட்டத்துல வந்த வார்த்தை. அதை வுடு. மூணு வருசமா ஏன்டா சொல்லல?”

“சொல்லத்தான் வருவேன் அத்திகே. நீங்க அந்த ஆளைச் சபிக்கறப்ப மட்டும்தான் உங்க மூஞ்சில உசிரு இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டா நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு…”

“த்தூ! உனக்குப் பயம்னு சொல்லு. என்னைக் காப்பாத்தினேன்னு சொல்லாத. கூட்ரோட்டுல ஒருத்தன் தன் பாட்டுக்குப் பங்க்சர் ஒட்டினு இருந்தான். அவன் தலைமேல நான் தினமும் தீயைக் கொட்டினேன். நீ பக்கத்துல நின்னு வெறகு எடுத்துக் குடுத்தே.”

கங்கப்பன் தொண்டையைச் செருமினார். “அம்மா, பிராது வெச்சாச்சு. குத்தம் பண்ணவங்க பேரைச் சாமிகிட்ட சொல்லாம எழுந்தா, வெச்சவங்க தலைமேலயே அது திரும்பும். இந்தாளு சத்தியம் சுத்தம். இப்ப யாரு பேரைச் சொல்றே?”

திம்மப்பன் எழுந்து வந்து கல்லுக்கு முன்னால் மண்டியிட்டான்.

“என் பேரைச் சொல்லுங்க அத்திகே. சொல்லிடுங்க. என்னால முடியல.”

அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். அண்ணனுக்கு இருந்த அதே மணிக்கட்டு. பெயர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கோயிலையே உலுக்குகிற மாதிரி அதைக் கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அவன் முகத்தைக் கவனித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். ஒரு நொடி வலி, அப்புறம் நிம்மதி என்று காத்திருந்தான்.

அந்த நிம்மதியை அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

“பூசாரி, எனக்கு வாய்தா வேணும்.”

“என்னாது?”

“வாய்தா. அடுத்த செவ்வாய்க்குப் பேரு சொல்றேன்.”

“சாமிகிட்ட வாய்தாவா? இதென்னா ஓசூரு கோர்ட்டா? என் ஆயுசுல கேட்டதில்ல.”

“நீங்களே கேட்டுச் சொல்லுங்க. கோர்ட்டுல மனுசனே குடுக்கறான். சாமி குடுக்காதா?”

கங்கப்பன் முனியப்பனை ஏறிட்டுப் பார்த்தார். மீசையில் ஒரு பல்லி ஓடி நின்று ‘டிக் டிக்’ என்றது. பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

“குடுத்துட்டாரு. ஆனா அதுவரைக்கும் பிராது உன் தலைமேலதான் நிக்கும். தெரியுதா?”

“நிக்கட்டும். பழகின பாரம்தான்.”

அவள் திம்மப்பன் பக்கம் குனிந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரல் போலக் கேட்டது. அதனாலேயே கங்கப்பனுக்கு முதுகு கூசியது.

“இந்த ஒரு வாரமும் வீட்டுலயே இரு. என் கையால சோறு தின்னு. காலைல எழுந்ததும் என் மூஞ்சியப் பாரு. பூவம்மா என்னாச்சுன்னு கேப்பா, நீயே சொல்லு. உங்கம்மாகிட்டயும் நீயே சொல்லு. நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன்.”

“அத்திகே, இதுக்கு என்னைக் கொன்னுடலாம்.”

“அவ்வளவு சீக்கிரமா?”

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். ராஜப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றிருந்தான்.

“ராஜப்பா, உன்கிட்ட வண்டி இருக்குதா?”

“பழைய டிவிஎஸ் ஒண்ணு இருக்குதும்மா.”

“என்னை ஏத்தினு போ.”

“அத்திகே, நான் கூட்டினு போறேன்…” என்று திம்மப்பன் எழப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

“உன்மேல தூத்துன மண்ணை நான் எடுத்துக்கறேன், ராஜப்பா. மனசுல வெச்சுக்காத.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டயர்க் கறுப்பு கன்னத்தில் அப்பியது. “பாகலூருக்காம்மா?”

“இல்ல, ஆஸ்பத்திரிக்கு. அந்தாண்ட கேட்டை நான் பார்த்ததேயில்ல. காட்டு. அந்தப் புங்கமரத்தடி டாக்டரு இன்னும் அங்கதான் இருக்காரா?”

ராஜப்பன் மரத்தடியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “இருக்காரும்மா. அவருகிட்ட என்னா வேலை?”

“ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கி அந்த வாசல்ல நுழைஞ்சிருந்தா என் புருசன் பொழைச்சிருப்பாரா, மாட்டாரா?”

“தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?”

அவள் வண்டியின் பின்னால் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். தோப்பின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“பொழைச்சிருப்பாருன்னு அவரு வாயால சொல்லட்டும். அடுத்த செவ்வா நான் பேரைச் சொல்றேன்.”

ராஜப்பன் பெடலை மிதித்தான். பழைய வண்டிதான், ஒரே மிதியில் கிளம்பிவிட்டது.